பக்கத்துப் போர்ஷன்காரர் வயிறு

திருப்போரூரில் அந்த வீட்டுக்கு இரண்டு போர்ஷன். பின்பக்கம் இரண்டுக்கும் சேர்த்து ஒரே கழிவறை. ஒன்றில் சம்பத்தும் மனைவி லோகநாயகியும் குடியிருந்தார்கள். மற்றதில் கோதண்டராமன், கல்பாக்கத்தில் டெக்னீஷியன்.

கோதண்டராமனுக்கு எழுந்ததும் ஒரு சொம்பு வெந்நீர் போதும். துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு போவார். லோகநாயகி அடுப்பில் வைத்த பால் பொங்குவதற்குள் சீட்டியடித்தபடி வந்துவிடுவார். சம்பத் கடுக்காய்ப் பொடி, பப்பாளி, விளக்கெண்ணெய் எல்லாம் பார்த்தாயிற்று. உள்ளே உட்கார்ந்து வியர்த்துக் கொட்டும்போது கோதண்டராமன் கதவைத் தட்டுவார்.

“மச்சான், உள்ளயே குடித்தனம் பண்ணிகினு கீறியா? பஸ்ஸு வந்துடும்பா!”

லோகநாயகி சிரிப்பது உள்ளே கேட்கும். அதுதான் தாங்காது. கோதண்டராமன் படூரில் ஃபிளாட் வாங்கியிருந்தால்கூடச் சம்பத்துக்கு இவ்வளவு எரிந்திருக்காது.

மழைக்காலத்தில் கோதண்டராமனுக்கு முழங்கால் பிடித்துக்கொண்டது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கிய வலி மாத்திரையைத் தினமும் விழுங்கினார். கொஞ்ச நாளில் காலையில் இரண்டாவது முறையும் போக ஆரம்பித்தார்.

“எனக்கு ஒரு தபாவுக்கே வழியக் காணோம். இவனுக்கு ரெண்டு தபா கேக்குதா?” என்று சம்பத் பொருமினார்.

“அதயும் நின்னு பாத்துகினு கீறீங்களா? வேற வேல இல்ல?” என்றாள் லோகநாயகி.

திங்கட்கிழமை, கோதண்டராமன் வெளியே வந்ததும் சம்பத் உள்ளே போனார். தண்ணீர் ஊற்றியும் வெள்ளைப் பீங்கானில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருந்தது. தார் மாதிரிக் கருப்பு. நாற்றமும் வேறு மாதிரி. ‘இவனுக்கும் கோளாறுதான்’ என்று முதலில் மனசு குளிர்ந்தது. சீட்டிச் சத்தமும் கேட்டு நாளாயிற்றே என்பது பிறகுதான் உறைத்தது. மலச்சிக்கலுக்காகச் செல்போனில் படிக்காதது இல்லை. தார்க் கருப்பு என்றால் இரைப்பையில் ரத்தம் கசியலாம் என்றும் படித்திருந்தார்.

சொன்னால், தான் எட்டிப் பார்த்த விஷயமும் வெளியே வந்துவிடும். இருந்தும் நேரே போய்ச் சொன்னார்.

“இன்னாது? நான் போன எடத்த மோப்பம் புடிக்கிறியா? பொறாம புடிச்சவனே!”

“ஆமா, பொறாமதான். அதனாலதான் உன் வயித்த உன்னவிட எனக்கு நல்லாத் தெரியும். கெளம்புய்யா ஆஸ்பத்திரிக்கு.”

கோதண்டராமன் சண்டைக்கு எழுந்தார். கண் இருட்டிச் சுவரைப் பிடித்துக்கொண்டார். சம்பத் ஆட்டோ பிடித்துச் செங்கல்பட்டுக்குக் கொண்டுபோனார்.

“மலம் எப்போதிலிருந்து கருப்பாகப் போகிறது?” என்று டாக்டர் கேட்டார்.

“நான் என்னிக்கு சார் பாத்தேன்? போனமா வந்தமானு இருப்பேன்.”

“தீபாவளிக்கு அப்புறம்தான் சார் ரெண்டு தபா போறாரு. கருப்பா இன்னிக்குத்தான் பாத்தேன். கால் வலிக்கு டெய்லி மாத்திர போடறாரு,” என்றார் சம்பத்.

டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். குழாய்விட்டுப் பார்த்ததில் இரைப்பையில் புண், ரத்தக் கசிவு. வலி மாத்திரையால் வந்தது. இன்னும் தள்ளிப் போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்றார்.

ரத்தம் ஏற்றி, வைத்தியம் முடிந்து கோதண்டராமன் வீடு திரும்பினார். சில நாள் கழித்து ஒரு காலையில் துண்டோடு உள்ளே போனார். சம்பத் வெளியே கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை. சீட்டிச் சத்தம் வந்தது. பின்னாலேயே கோதண்டராமனும் வந்தார்.

“பாத்துட்டேன் மச்சான். பழைய கலருதான்.”

சம்பத்துக்கு நெஞ்சு நிறைந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்தி உட்கார்ந்தார். வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. வெளியே சீட்டிச் சத்தம் நிற்கவும் இல்லை.

“பாவி,” என்று பல்லைக் கடித்தார்.