வீட்டுக்காரிக்கு ஒரு துணி

பீரோவிலிருந்த துணிகளையெல்லாம் வாரிக் கட்டில்மேல் போட்டேன். அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் இந்தப் பக்கம் திரும்புங்க. ஜன்னல் எங்கயும் ஓடிடாது."

அந்த நாளில் பெரிய விடுமுறை விட்டால் போதும், இவர் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கையோடு பெட்டியைக் கட்டிவிடுவோம். போன ஊரில் கையால் பூவேலை செய்த துணி ஒன்றாவது வாங்காமல் திரும்பமாட்டார். தலையணை உறை, மேஜை விரிப்பு, எதற்கும் உதவாத சதுரத் துண்டு. ஊர் உலகமெல்லாம் போட்டோ எடுக்கிறது, எனக்கு வாய்த்த கணக்கு வாத்தியார் கந்தல் பொறுக்குகிறார் என்று சொல்லிச் சொல்லிச் சிரிப்பேன். பழைய பொருள்களைக் காட்டுங்கள், ஏதாவது நினைவுக்கு வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இன்று காலையில் மகள் போன் செய்தாள்.

"அம்மா, அப்பாவுக்கு உன்னையே அடையாளம் தெரியல. தனியா எவ்வளவு நாள் மல்லுக்கட்டுவ? அந்த முதியோர் இல்லத்துல இடம் இருக்காம். சனிக்கிழமை வரேன், கொண்டுபோய் விட்டுடலாம்."

"என்னைத் தெரியலன்னு உனக்கு யாருடி சொன்னது?" என்று போனை வைத்துவிட்டேன். வீம்புதான். உடனே போய் பீரோவைத் திறந்தேன்.

ஒவ்வொன்றாக விரித்தேன். கண்ணாடிச் சில்லு வைத்துத் தைத்ததை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நீலப் பறவைத் துணியைப் பிரித்ததும் கை நீட்டினார். வாங்கிய வேகத்தில் பின்பக்கம் திருப்பினார். எந்தக் கடைக்குப் போனாலும் இதே வழக்கம். முன்பக்க அழகில் மயங்கமாட்டார், பின்னாலிருக்கும் நூல் முடிச்சுகளைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்துத்தான் கைவேலையா மிஷின் வேலையா என்று சொல்வார். இப்போதும் அப்படியே தடவினார். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கைவேலைதான்," என்றார். "என்ன விலைம்மா?"

விளையாடுகிறார் என்றே நினைத்தேன். இந்த மனுஷன் என்னோடு விளையாடித்தான் எத்தனை காலமாயிற்று! "உங்களுக்குன்னா சும்மாவே தரலாம்," என்று இடுப்பில் கை வைத்துக்கொண்டேன்.

"ஐயையோ, அதெல்லாம் வேணாம். நியாயமா சொல்லுங்க. கொஞ்சம் சீக்கிரம்மா. என் வீட்டுக்காரி அந்தப் பக்கம் செருப்பு பாத்துட்டிருக்கா. வந்தான்னா அவ்வளவுதான், மறுபடியும் துணியான்னு என்னை உரிச்சு எடுத்துடுவா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். அப்படியொரு ஆசையான சிரிப்பு. என்னை நினைத்துத்தான் சிரித்தார், யாரோ ஒரு கடைக்காரியிடம்.

அழுதால் பயந்துவிடுவார். பழைய செய்தித்தாளில் துணியைச் சுற்றினேன். கட்டுநூல் இரண்டு தரம் நழுவியது.

"அவளுக்குப் பிடிக்குமாம்மா? நீங்களும் ஒரு பொம்பள, சொல்லுங்களேன்."

"ரொம்பப் பிடிக்கும்ங்க."

பொட்டலத்தை வாங்கிக்கொண்டு விறுவிறுவென்று வாசலுக்குப் போனார். பின்னாலேயே ஓடினேன். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை கண்ணால் துழாவினார்.

"வெயிலா இருக்கு, உள்ள வாங்க."

"நீங்க கடையப் பாருங்கம்மா. அவ இப்ப வந்துடுவா. என்னைக் காணோம்னா தவிச்சுப்போயிடுவா."

அவள் வரும்போது கண்ணில் பட்டுவிடக் கூடாதென்று, பொட்டலத்தை இரண்டு கையாலும் முதுகுக்குப் பின்னால் மறைத்துப் பிடித்தபடி தெருவைப் பார்த்து நின்றார். அவர் முதுகுக்குப் பின்னால் நான் நின்றுகொண்டிருந்தேன்.