தள்ளி விடணும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்கு ஒரு டீக்கடையில் ஓசியில் கிடைத்தது.

எண்பத்தொன்பதாம் வருஷம். செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே டீ குடித்துக்கொண்டு நின்றேன். ஒரு சின்ன காரை ஒரு மனிதர் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு வந்தார். ஸ்டியரிங்கில் முக்காடு போட்ட ஓர் அம்மாள். வண்டி இரண்டு தரம் விக்கியது, கிளம்பியது, போயிற்று. தள்ளியவர் நடுரோட்டில் நின்றார். அவரை ஏற்றிக்கொள்ள அந்த அம்மாள் நிறுத்துவாள் என்று அவரும் நானும் டீ மாஸ்டரும் பார்த்துக்கொண்டே இருந்தோம். வண்டி விழுப்புரம் ரோட்டில் திரும்பியே விட்டது.

பார்த்தது அவ்வளவுதான். மிச்சமெல்லாம் என் கைச்சரக்கு. பெயர்களும் நான் வைத்தவை. தள்ளியவர் அன்வர் பாஷா, கடைவீதியில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். ஓட்டிக்கொண்டு போனது அவர் மனைவி அசீசுன்னிசா.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

ராஜகிரியின் உச்சியில் காலைச் சூரியன் தன் பொற்கிரணங்களை

நிறுத்திவிட்டேன். செஞ்சி என்று எழுதினாலே பேனா கோட்டை ஏறப் பார்க்கிறது. ஏறினால் ஒரு குதிரை வரும். குதிரை வந்தால் காரை யார் பார்ப்பார்கள்? அடுத்தது:

அசீசுன்னிசாவின் கண்களில் சொல்ல முடியாத ஒரு சோகம்

இதையும் அடித்தேன். அன்று நான் பார்த்த முகத்தில் சோகம் எதுவும் இல்லை. பரீட்சையில் காப்பியடித்துப் பாஸான முகம் அது. ஆகவே வண்டியிலிருந்தே தொடங்குகிறேன்.

3

சின்ன கார். பின்பக்கம் முழுசாக மேலே திறக்கும் கதவு. கம்பெனி பெயரைச் சொல்லமாட்டேன். இனி வரும் குறைகளெல்லாம் நான் கற்பித்தவை, பாவம் அவர்கள் என்ன செய்வார்கள். வயது ஐந்து. ஐந்து வயதில் கிழடா என்று கேட்காதீர்கள். பாண்டிச்சேரியில் இரண்டு கை மாறி, மூன்றாவதாக ஒரு பாத்திரக்கடைக்காரருக்கு வாழ்க்கைப்பட்டால் எந்த வண்டிக்கும் நரை விழும். பின் சீட்டை மடக்கி, அண்டா, குடம், குத்துவிளக்கு என்று தொண்டூர்க் கல்யாணத்துக்கும் மேல்சித்தாமூர்க் கல்யாணத்துக்கும் சீர்ப் பாத்திரம் சுமந்தே ஸ்பிரிங் உட்கார்ந்துவிட்டது.

பின்கதவு தானாக நிற்காது, மூங்கில் கழியால் முட்டுக் கொடுக்க வேண்டும். இடப்பக்கக் கண்ணாடியை இரண்டு உள்ளங்கைகளாலும் அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். ஹாரன் அடித்தால் வைப்பர் ஆடும். அன்வர் பாஷாவுக்கு இதெல்லாம் குறையாகவே படவில்லை. "நமக்கு மட்டும் இன்னா, முட்டி வலிக்கலியா?" என்பார்.

செல்ஃப் மோட்டார் போனபோதுதான் கதை பிறந்தது. சாவியைத் திருப்பினால் 'டிக்' என்று ஒரு சத்தம், பிறகு ஒன்றுமில்லை. தள்ளித்தான் கிளப்ப வேண்டும். ஊரைச் சுற்றி மூன்று மலை இருந்து என்ன, அவர்கள் தெருவில் ஒரு சரிவு கிடையாது.

தள்ள ஒருவர் வேண்டும், உள்ளே உட்கார ஒருவர் வேண்டும். மனைவியைத் தள்ளவிட்டால் தெரு என்ன பேசும்? ஆகவே அவர் தள்ளினார், அவள் உட்கார்ந்தாள். தெருவின் வாய்க்குப் பயந்து பெண்டாட்டிக்கு டிரைவர் சீட்டைக் கொடுத்த மனிதர் நானறிந்து இவர் ஒருவர்தான்.

"கிளட்ச்ச மிதிச்சிக்கோ. ரெண்டாவது கியர்ல போடு. நான் வுடுன்னு சொன்னா வுடு," என்றார். விட்டாள். வண்டி விக்கி, துள்ளி, உயிர் பிடித்தது. அந்தத் துள்ளல் அவள் உடம்பில் ஏறியதைப் பற்றி நாலு பத்தி எழுதிக் கிழித்துவிட்டேன். அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. அது போதும்.

4

முதல் நாள் ரேஷன் கடை வரை போய் நிறுத்தினாள். நிறுத்தியதும் வண்டி அணைந்துவிட்டது. அவர் மூச்சிரைக்க வந்து மறுபடி தள்ளினார். மறுநாள் அவள் நிறுத்தவே இல்லை.

"நிறுத்துனா அணைஞ்சிடுது. கொஞ்சம் சூடாவட்டும்னு ஒரு சுத்து வந்தேங்க," என்றாள்.

அவருக்கு அது நியாயமாகவே பட்டது. நாளாக ஆகச் சூடாக்கும் தூரமும் வளர்ந்தது. ரேஷன் கடை போய்த் தண்ணீர் டேங்க் ஆயிற்று, தண்ணீர் டேங்க் போய் விழுப்புரம் ரோடு ஆயிற்று. அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டு தெருமுனையில் காத்திருப்பார்.

"இன்னா அசீசு, இவ்ளோ நேரமா சூடாவுது?"

"பழைய வண்டி இல்லீங்களா."

[இங்கே எனக்கு ஒரு சந்தேகம். ஓட்ட ஆசை இருந்தால் கணவரிடம் நேராகக் கேட்கலாமே, இவளை எதற்கு இவ்வளவு சூதுக்காரியாக்க வேண்டும்? யோசித்துப் பார்த்தேன். அந்த வீட்டில் ஓட்டாதே என்று அவளிடம் யாரும் சொன்னதில்லை. ஓட்டு என்றும் சொன்னதில்லை. அப்படி ஒரு பேச்சே எழுந்ததில்லை. இல்லாத பேச்சை எந்தப் பக்கம் பிடித்து இழுப்பது? சூது இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். லைசென்ஸ் இருந்ததா என்று கேட்கிறவர்கள் கதை முடிந்ததும் என்னைத் தனியாக வந்து பார்க்கவும்.]

மெக்கானிக் ரசூல் அவளுடைய சொந்தத் தம்பி. புது செல்ஃப் மோட்டார் மெட்ராஸிலிருந்து எப்போதோ வந்து, அவன் ஷெட்டில் டப்பாவோடு தூங்கிக்கொண்டிருந்தது.

"மச்சான் தெனம் கேக்குறாருக்கா. இன்னும் எத்தினி நாளைக்கு ஸ்பேர் வர்லன்னு சொல்றது? எனக்கு டென்சனா இருக்குது."

"சின்னதுல நீ கெணத்துல வுழுந்தப்ப தூக்குனது யாரு?"

"நீதான்."

"அப்ப ஸ்பேர் வர்ல."

5

கதை இப்படியே சூடாகிக்கொண்டு போயிருக்கும். கெடுத்தது தமிழ்.

ஒருநாள் நடுக் கடைவீதியில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் அண்டாப் பாரம். தனியாகத் தள்ள முடியாமல் அன்வர் பாஷா கையைத் தட்டிக் கூவினார்: "யாராச்சும் வாங்கப்பா! வண்டிய தள்ளி வுடணும்!"

(அடிக்குறிப்பு, இடம் இல்லாததால் நடுவிலேயே: பின்னாலிருந்து உந்துவதும் தள்ளி விடுவதுதான், வந்த விலைக்கு யார் தலையிலாவது கட்டுவதும் தள்ளி விடுவதுதான். 'வாங்கப்பா' என்றால் வாருங்கள். நடுவில் ஒரு 'குங்' சேர்ந்தால் காசு கொடுத்து வாங்குங்கள். கடைவீதி இரைச்சலில் அந்தக் 'குங்'கை வேண்டியவர் காது தானாகவே சேர்த்துக்கொள்ளும்.)

சேர்த்துக்கொண்ட காது மேல்சித்தாமூர் அப்பாண்டைராஜுடையது. மணிலாக்கொட்டை வியாபாரி, நல்ல மனிதர். அன்று அவரும் ஒரு கை கொடுத்துத் தள்ளினார். வாங்கப்போகும் பொருளைத் தட்டிப் பார்ப்பது போல அவருக்கு அது இருந்திருக்கிறது. மறுநாள் வெற்றிலை பாக்கு பழத்தோடு பாத்திரக்கடைக்கே வந்துவிட்டார்.

"நேத்து பஜார்ல சொன்னீங்களே பாய், தள்ளி வுடணும்னு. நானே எடுத்துக்கறேன். பொண்ணு வூட்டுக்குப் போவ வர ஒரு வண்டி வேணும்னு நெனச்சிக்கினே இருந்தேன்."

"ஐயோ, நான் சொன்னது வந்து…" என்று அன்வர் பாஷா ஆரம்பித்தார். தாம்பாளத்தைப் பார்த்தார். நல்ல காரியமென்று நினைத்து ஒருவர் கொண்டுவந்த வெற்றிலையைத் திருப்பி அனுப்ப அவருக்கு வாய் வரவில்லை. தவிர, முட்டியும் வலித்துக்கொண்டிருந்தது.

"செல்ஃப் மாத்தி, ஞாயித்துக்கெழம குடுத்துடறேன்," என்று சொல்லிவிட்டார்.

6

அசீசுன்னிசாவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. இதை விற்று, அடுத்து எந்த வண்டி வந்தாலும் அது சாவி போட்டால் கிளம்பும். அவள் பழையபடி பின் சீட்டில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அதை நினைத்தாலே அவளுக்கு அழுகை வந்தது. தம்பியிடம் ஓடினாள்.

"இனிமே முடியாதுக்கா. மச்சான் ஷெட்டுக்கே வந்து டப்பாவப் பாத்துட்டாரு," என்றான் ரசூல்.

ஞாயிற்றுக்கிழமை காலை. வாசலில் அப்பாண்டைராஜ், கையில் மறுபடி தாம்பாளம். ரசூல் புது மோட்டாரை மாட்டி பானெட்டை மூடினான்.

"ஸ்டார்ட் பண்ணிக் காட்டுங்க மச்சான்," என்றான்.

அன்வர் பாஷா பழக்கதோஷத்தில் நேராகப் பின்னால் போய், தள்ளுவதற்கு இரண்டு கைகளையும் வைத்து நின்றார். அசீசுன்னிசாவும் பழக்கதோஷத்தில் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ரசூல் சிரித்துவிட்டான்.

அவள் சாவியைத் திருப்பினாள். ஒரே திருப்பு. வண்டி கிளம்பிவிட்டது.

அன்வர் பாஷா அசடு வழிய முன்பக்கம் வந்தார். "ஆங், சரி. எறங்கு அசீசு. அவரு ஓட்டிப் பாக்கட்டும்."

அவள் இறங்கவில்லை. "வண்டிய விக்க வேணாங்க."

"வாக்கு குடுத்தாச்சு. ஏன், இன்னா?"

அவள் ஸ்டியரிங்கை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்.

"நான் ஓட்டணும்."

7

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருக்கிறேன்.

ஒன்றில் அன்வர் பாஷா, "இத மொதல்லயே சொல்லியிருக்கலாமே" என்று சிரித்து, அப்பாண்டைராஜின் கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டு அனுப்பிவைக்கிறார். எல்லோருக்கும் பிடிக்கும். எனக்கும் பிடிக்கிறது, அதனால்தான் சந்தேகமாக இருக்கிறது.

இன்னொன்றில் "பேசாம எறங்கு" என்கிறார், அவளும் இறங்குகிறாள். இதற்குப் பரிசுகூடக் கிடைக்கலாம்.

மூன்றாவதில் வண்டி மேல்சித்தாமூருக்குப் போகிறது. அவர் புது வண்டி வாங்கி, அவளுக்கு லைசென்ஸும் எடுத்துத் தருகிறார். யாருக்கும் நஷ்டமில்லை, கதையைத் தவிர.

மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மூன்றிலும் அன்வர் பாஷா எப்போது வாயைத் திறப்பார் என்று நானும் அந்த வாசலில் கைகட்டி நின்றுகொண்டிருக்கிறேன். அப்படி என்னதான் கேட்டுவிட்டாள் என்று மேலே போய்ப் படித்தேன். 'நான் ஓட்டணும்.' எழுதியது நான்தான். அதில் கேள்விக்குறி இல்லை, முற்றுப்புள்ளிதான் இருக்கிறது.

மூன்று காகிதங்களையும் கிழித்துவிட்டேன்.

அவள் கிளட்ச்சை மிதித்து முதல் கியரைத் தேடுகிறாள். நின்ற இடத்திலிருந்து வண்டியை எடுப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. கியர் கொஞ்சம் உறுமிவிட்டு விழுந்துவிட்டது. வேண்டிய முடிவை நீங்கள் அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். தெரு குறுகல், படித்துக்கொண்டே நட்டநடுவில் நிற்கிறீர்கள். கொஞ்சம் ஒதுங்குங்கள், அவள் போகட்டும்.