எங்கே அடிக்கிறது என்று பார்க்கவில்லை

காளியப்பன் தன் பழைய வேனுக்குப் புது ஹெட்லைட் மாட்டி நாலு நாள்தான் ஆகியிருந்தது. மைசூரில் ஹெப்பாள் பக்கத்து ஃபேக்டரிகளுக்கு ராத்திரிச் சாப்பாடு கொண்டுபோகிற வண்டி அது. பழைய விளக்கு மங்கி, பத்தடிக்கு மேல் எதையும் காட்டாது. புதியது ரிங் ரோட்டைப் பகலாக்கியது. எதிரில் வருகிறவர்கள் தங்கள் லைட்டை அணைத்து அணைத்துப் போட்டார்கள். பொறாமை என்று நினைத்துக்கொண்டான்.

சனிக்கிழமை சாப்பாட்டை இறக்கிவிட்டு வீட்டுக்குள் நுழைந்தால், மனைவி தேவம்மா உடம்பெல்லாம் மணலாக உட்கார்ந்து, சிராய்த்த முழங்கையில் மஞ்சள் அப்பிக்கொண்டிருந்தாள். கார்மெண்ட்ஸ் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வந்தவள்.

"என்னாச்சு?"

"எந்தப் பாவியோ கண்ணுலயே லைட்டை அடிச்சுக்கிட்டு வந்தானுங்க. ரோடே தெரியல. மணல் குவியல்ல போய் ஏறிட்டேன். நின்னுகூடப் பாக்கல, ஹாரன் வேற அடிச்சுட்டுப் போறான்."

"எந்த இடத்துல?"

"கூர்கள்ளித் திருப்பத்துக்கு முன்னாடி புதுசா வீடு கட்டறாங்கல்ல, அங்கதானுங்க. ஆறே முக்கால் இருக்கும்."

ஆறே முக்காலுக்கு அந்த மணலைக் கடந்தவன் காளியப்பன்தான். எதிரே ஒரு ஸ்கூட்டர் தள்ளாடியதையும் பார்த்தான். எவனோ குடித்துவிட்டு ஓட்டுகிறான் என்று ஹாரனை அழுத்திவிட்டுப் போயிருந்தான்.

சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியப்போவதில்லை. அடுப்படிக்குப் போய் ஒரு சொம்பு தண்ணீர் குடித்தான். திரும்பி வந்து அவள் எதிரில் உட்கார்ந்தான்.

"தேவம்மா, அந்தப் பாவி நான்தான்."

அவள் மஞ்சள் அப்புவதை நிறுத்தினாள். "ஹாரனுமா?"

"அதுவும்."

"அடக் கடவுளே, வழியெல்லாம் உங்க பரம்பரையையே இழுத்துத் திட்டிக்கிட்டு வந்தனுங்களே!" சிரிக்கத் தொடங்கியவளுக்குக் கண் கலங்கியது. "ஜல்லிக் குவியலா இருந்திருந்தா?"

அவள் கையை நீட்டி மடக்கிப் பார்த்தான். காலை அசைக்கச் சொன்னான். சிராய்ப்புதான்.

"மாட்டினவன் பாத்து மாட்டியிருக்க மாட்டானா?" என்றாள்.

"நானேதான் மாட்டினேன். எரியுதான்னு பாத்தேன். எங்க அடிக்குதுன்னு பாக்கல."

மறுநாள், லைட் வந்த பெட்டிக்குள் பிரிக்காமல் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தான். அதில் சொன்னபடி முதலில் டயருக்குக் காற்றடித்து வந்தான். தெருமுனைக் குடோன் சுவருக்கு முன்னால் தரை சமமாக இருந்தது. பொழுது சாய்கிற நேரம் வேனைச் சுவரை ஒட்டி நிறுத்தி, இரண்டு விளக்கின் நடுப்புள்ளிக்கும் நேராகச் சுவரில் டேப் ஒட்டி, பிறகு நேர்பின்னால் இருபத்தைந்து அடி நகர்த்தினான். அவன் எடைக்குப் பதிலாக டிரைவர் சீட்டில் தேவம்மா உட்கார்ந்தாள். எதிர்வண்டிக்காகத் தாழ்த்திப் போடும் லோ பீமைப் போட்டதும் அவளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"ஏனுங்க, சாப்பாடு ஏத்தினா பின்பக்கம் அமுங்கி வண்டி மூக்கைத் தூக்குமே?"

அவன் யோசித்திருக்கவில்லை. வழக்கமாக ஏற்றுகிற அண்டாக்களை வேனில் வைத்து, இருவருமாகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி நிரப்பினார்கள். வெளிச்சம் சுவரில் ஏறியதைக் கண்ணால் பார்த்தார்கள். ஒரு விளக்கைச் சாக்கால் மூடி மற்றதைப் பார்த்தபோது, வலது பக்கத்து வெளிச்சம் டேப்புக்கு மேலே ஒரு சாண் ஏறி நின்றது. விளக்குக்குப் பின்னாலிருந்த திருகாணியை ஸ்க்ரூடிரைவரால் திருப்பினான். வெளிச்சத்தின் மேல்விளிம்பு இறங்கி இறங்கி டேப்புக்கு இரண்டு அங்குலம் கீழே வந்து நின்றது. இடதும் கொஞ்சம் தூக்கலாகத்தான் இருந்தது. அதையும் இறக்கினான்.

"இருங்க, நான் எதுக்க வர்றேன்" என்று அவள் ஸ்கூட்டரை எடுத்தாள்.

"வேண்டாம், கை வலிக்கும்."

அவள் கேட்கவில்லை. தெருக்கோடிவரை போய்த் திரும்பினாள். காளியப்பன் ஸ்டீயரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு பார்த்திருந்தான். ஸ்கூட்டர் தள்ளாடவில்லை, வேகமும் குறையவில்லை. நேராக வந்து அவன் ஜன்னலோரம் நின்றது.

"கண்ணு கூசுச்சா?"

"கூசவே இல்லீங்க. ரோடு தெரியுது, உள்ள உங்க மூஞ்சிகூடத் தெரியுது. பரீட்சை எழுதப் போற பையனாட்டம் உக்காந்திருக்கீங்க."

நேற்றிலிருந்து முதல்முறையாக அவன் வாய்விட்டுச் சிரித்தான்.