மூழ்கும் படகுக்குச் சாவு ஜெபம்

ஒடேசா துறைமுகத்தில் பாதிரியார் புனித நீர் தெளிக்காமல் எந்தப் புதுப் படகும் கடலில் இறங்காது. என் கணவர் நிக்கிஃபோர் கட்டிய, தண்ணீருக்கடியில் ஓடும் இரும்புப் படகுக்கு மட்டும் அவர் மறுத்துவிட்டார்.

"முங்குறதுக்குன்னே கட்டுன படகுக்கு ஆசீர்வாதமா? சாவு ஜெபம் வேணும்னா சொல்றேன்."

"அதையே சொல்லுங்க சாமி," என்றார் நிக்கிஃபோர்.

துறைமுகத் தளபதி விழுந்து விழுந்து சிரித்தான். "அப்படியே இழவுச் சோறும் ஆக்கிடும்மா."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆக்கினேன். எங்கள் ஊர் இழவு வழக்கப்படி வேகவைத்த கோதுமையில் தேனும் கசகசாவும் கலந்து, சட்டியோடு துறைக்குப் போனேன்.

பாதிரியார் ஜெபத்தைத் தொடங்க, நிக்கிஃபோர் வெடிமருந்துப் பீப்பாயோடு இரும்புப் படகில் ஏறித் தண்ணீருக்குள் போனார். முடிந்தால் உடைத்துப் பார் என்று தளபதி தன் பழைய சரக்குப் படகைத் தூரத்தில் நிறுத்தியிருந்தான். கொஞ்ச நேரத்தில் அது இரண்டாகப் பிளந்து எகிறியது. அதற்கும் அப்பால் இரும்பு மூடி திறந்து, நிக்கிஃபோரின் வழுக்கைத் தலை தெரிந்தது.

ஜெபம் பாதியில் நின்றது.

"ஏன் சாமி நிறுத்திட்டீங்க? முழுசா முடிங்க," என்றேன்.

சட்டியைத் தளபதியின் கையில் திணித்தேன்.

"இழவு உங்க வீட்டுலதான். சாப்பிடுங்க."