வயது தெரியாதவர்கள்

செல்வரட்ணம் மாஸ்டர் சாம்பியாவில் ஒரு கிராமப் பள்ளியில் பதினேழு வருடங்கள் கணிதம் படிப்பித்தவர். சண்டை தொடங்கியதால் யாழ்ப்பாணத்துக்குத் திரும்பாமல் ரொறொன்ரோவுக்கு வந்தார். வந்த பின்பும் அந்தக் கிராமங்களை அவர் விடவில்லை. அங்கே பிள்ளைகள் நோயில் செத்துப்போக, வயதானவர்கள் பார்ப்பாரில்லாமல் இருந்தார்கள். அவர்களுக்கு மாதாந்த உதவித்தொகை வேண்டும் என்று, நாலு பேர் சேர்ந்த ஒரு சிறிய சங்கத்தின் பெயரில், ஐந்து வருடங்களாகக் கடிதம் எழுதிக்கொண்டிருந்தார். 1997 இலையுதிர்காலத்தில் ஒரு நிதி நிறுவனம் சம்மதித்தது. அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களின் பட்டியலை மூன்று வாரத்தில் அனுப்பச் சொன்னது.

நான் அப்போது விலங்கியல் பட்டம் பெற்றுவிட்டு வேலையில்லாமல் இருந்தேன். டோர்செட் பார்க்கில், ஒரே கட்டடத்தில், மாஸ்டரின் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே எங்கள் வீடு. எனக்குக் கொம்பியூட்டர் தெரியும் என்று அப்பா என்னை அனுப்பிவைத்தார்.

படிவங்களை வீடு வீடாகப் போய் நிரப்பியவர் பிரி. மாஸ்டரின் பள்ளியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். முந்நூற்று நாற்பது படிவங்கள். எழுத்து அச்சுப்போல இருந்தது. ஆனால் பலவற்றில் வயதுக்கான கட்டத்தில் எண் இல்லை. வசனம் இருந்தது.

‘முதலாம் உலகப் போரில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குச் சுமை தூக்கினார். அப்போது மீசை இல்லை.’

‘சுரங்கத் தொழிலாளர் முதன்முதலில் வேலைநிறுத்தம் செய்த வருடம் கலியாணம்.’

கொம்பியூட்டரில் அந்தக் கட்டம் எண்ணை மட்டுமே ஏற்கும். அளக்காததை ஊகித்து எழுதக்கூடாது, வெறுமையாக விடவேண்டும் என்று ஆய்வுகூடத்தில் பழகியிருந்தேன். விட்டேன். மாஸ்டரிடம் கேட்டிருக்கலாம். அவர் அடுத்த அறையில் டெலிபோனில் பேசிக்கொண்டிருந்தார். முடியட்டும் என்று காத்திருந்தேன். முடிந்ததும் சாப்பிடப் போனார். அதற்குப் பிறகு கேட்பது எனக்கு இன்னும் கடினமாகிவிட்டது.

கடைசி நாள் அறுபத்தைந்துக்கு மேற்பட்டவர்களை மட்டும் பிரித்தெடுத்தேன். இருநூற்றுப் பதினொரு பெயர்கள் வந்தன. மாஸ்டர் வாசிக்காமலே கையெழுத்து வைத்தார்.

“சயன்ஸ் படிச்ச பிள்ளை. பிழை வராது,” என்று மனைவி குணவதியிடம் சொன்னார்.

அடுத்த ஜூன் மாதம் பிரியின் கடிதம் வந்தது. மாஸ்டர் என்னைக் கூப்பிட்டு, சாப்பாட்டு மேசையில் இருந்தபடி உரக்க வாசித்தார்.

‘தொகை வருகிறது. ஞானஸ்நானத் துண்டோ, வேலைப் பத்திரமோ வைத்திருந்தவர்களுக்குக் கிடைக்கிறது. எல்லோரிலும் மூத்த தொண்ணூற்றுநாலு பேருக்கு எதுவும் இல்லை. எனக்கு அறுபத்தெட்டு. பள்ளிப் பத்திரத்தில் வயது இருப்பதால் நானும் பெறுகிறேன். என் பெயரை எழுதிவிட்டு என்னிலும் மூத்தவர்களின் பங்கை நான் சாப்பிடுகிறேன் என்று ஊர் சொல்கிறது. போன வாரம் என் சோளக் களஞ்சியத்துக்குத் தீ வைத்தார்கள். எனக்கு ஒன்றே ஒன்று வேண்டும். பிழை என்னுடையதல்ல என்று சங்கத்தின் தாளில் ஒரு வரி. ஊர்த் தலைவர் அதைக் கூட்டத்தில் வாசிப்பார்.’

மாஸ்டர் கடிதத்தை மடித்தார்.

“தொண்ணூற்றிநாலு சனம் எங்கை போச்சுது, பிள்ளை?”

“வயசு இருக்கேல்லை, மாஸ்டர். வெறுமையா விட்டனான்.”

“சண்டைக்குச் சுமை தூக்கினவனுக்கு வயசு இல்லையோ?”

“நம்பர் இல்லை.”

“உம்மடை அப்பாவுக்கு என்ன நம்பர் இருந்தது?”

அப்பாவின் பிறப்புப் பதிவு எரிந்துபோய்விட்டது. சாதகமும் இல்லை. மாமி பெரியபிள்ளையான வருடம் அப்பா முதலாம் வகுப்பு என்று அப்பம்மா சொன்னது அம்மாவுக்கு ஞாபகம் இருந்தது. அதிலிருந்து கணக்குப் பார்த்து 1931 என்று சத்தியக் கடதாசி எழுதினோம். ரைப் அடித்தது நான். சாட்சிக் கையெழுத்து மாஸ்டர். குடிவரவு அலுவலகம் ஏற்றுக்கொண்டது. இந்தக் கட்டடத்தில் பாதிப் பேரின் வயது அப்படி வந்ததுதான்.

குணவதி அன்ரி குசினி வாசலில் நின்றார்.

“அந்தப் பிள்ளையிலை பாயாதேங்கோ. கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைச்சது ஆர்?”

“நீர் சும்மா இரும்.”

“சும்மாதான் இருக்கிறன். உந்தப் பிரி உங்களைச் சைக்கிளிலை வைச்சு இருபது மைல் ஆசுப்பத்திரிக்கு உருட்டாட்டில் அண்டைக்கே மலேரியாவிலை போயிருப்பியள். எனக்கும் உந்த ஆபிரிக்காக் கரைச்சல் இருந்திராது.”

மாஸ்டர் நிதி நிறுவனத்துக்கு டெலிபோன் எடுத்தார். பிழை என்று சொல்லவில்லை. சும்மா கேட்பதுபோல் கேட்டார். இரண்டு வருடம் முடியும்வரை புதிய பெயர் சேர்க்க முடியாது என்றார்கள். பட்டியலில் பிழை இருப்பதாகத் தெரிந்தால் முழுவதையும் மீண்டும் பரிசோதிப்பார்கள். அதுவரை ஒருவருக்கும் தொகை போகாது.

அவர் ரிசீவரை வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

“எங்கடை பிழை எண்டு எழுத்திலை குடுத்தால் அது சுத்திச் சுத்தி அவையின்ரை கையுக்குத்தான் போகும். இருநூற்றிப் பதினொரு சனத்தின்ரை வாயிலையும் மண். எழுதும், பிள்ளை.”

அவர் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். ‘எமக்கு வந்து சேர்ந்த படிவங்களில் வயது விபரம் முழுமையாக இருக்கவில்லை.’

“அது பிரியின்ரை பிழை எண்ட மாதிரி இருக்கு, மாஸ்டர்.”

“பொய்யோ?”

“பொய் இல்லை.”

“அப்ப அடியும்.”

குணவதி அன்ரி எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு உள்ளே போனார். அன்று தேத்தண்ணி வரவில்லை.

தபாலில் போடும் பொறுப்பு என்னுடையது. அப்பியாசக் கொப்பியில் ஒரு தாளைக் கிழித்து, வயதுக் கட்டங்களை வெறுமையாக விட்டவள் நான், பிரி எல்லாவற்றையும் சரியாக எழுதியிருந்தார் என்று எழுதி, என் பெயரையும் முகவரியையும் போட்டு, அதே உறைக்குள் வைத்தேன். மாஸ்டரிடம் சொல்லவில்லை. ஏதோ செய்துவிட்டேன் என்று சில வாரங்கள் ஆறுதலாகக்கூட இருந்தது.

செப்டெம்பரில் என் பெயருக்கே பதில் வந்தது.

‘மகளே, உன் தாளுக்கு நன்றி. இரண்டையும் தலைவரிடம் கொடுத்தேன். அலுவலகத் தாளில் ஒன்றும் கொப்பித் தாளில் வேறொன்றும் ஏன் இருக்கிறது என்று கேட்டார். உன்னுடையதில் முத்திரை இல்லை. யாரோ ஒரு பெண்ணைக் கொண்டு நான் எழுதுவித்தேன் என்கிறார்கள். கூட்டத்தில் அலுவலகத் தாளைத்தான் வாசித்தார்கள். சுமை தூக்கியவர் ஓகஸ்டில் இறந்துவிட்டார். கடைசிவரை என்னோடு பேசவில்லை. தொகை கொடுக்கும் நாளில் அந்த வரிசையில் நிற்க என்னால் முடியவில்லை. தயவுசெய்து என் பெயரை எடுத்துவிடு.’

கடிதத்தை மாஸ்டரிடம் கொண்டுபோனேன். வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

“ரோசக்காரன்,” என்றார். “நீரே எடுத்துச் சொல்லும். எனக்கு அவையோடை கதைக்க ஏலாது.”

முன்பின் தெரியாத ஓர் அலுவலகத்துக்கு நானாக டெலிபோன் எடுத்தது அதுதான் முதல் தடவை. சொல்ல வேண்டியதைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டேன். பட்டியலைப் பற்றி என்றதும் அந்தப் பெண், சேர்க்க முடியாது என்றாள். சேர்க்க அல்ல, ஒரு பெயரை நீக்க என்றேன். நீக்குவதென்றால் இப்போதே செய்யலாம், கடிதம்கூடத் தேவையில்லை என்றாள். பெயரையும் படிவ இலக்கத்தையும் கொடுத்தேன். காரணம் கேட்கவில்லை.

சரிபார்ப்பதற்காக வயதை மட்டும் கேட்டாள்.

“அறுபத்தெட்டு,” என்றேன்.

“நன்றி,” என்றாள்.