மூன்றாம் எண் லிஃப்டில் மாட்டியவர்கள்

லிஃப்ட் மெக்கானிக்குக்குக் காலையிலிருந்தே ஓரிடத்தில் கால் தரிக்கவில்லை. கூடத்திலிருந்து சமையலறைக்கும் சமையலறையிலிருந்து ஜன்னலுக்கும் நடந்தபடி, கையிலிருந்த அட்டை வளையங்களைத் திருகித் திருகி வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்தார்.

வளையங்கள் அவருடைய மச்சினி செய்து கொடுத்தவை. அவள் டியூஷன் சென்டரில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பவள். காகிதச் சுருளின் அட்டைக்குழாய் ஒன்றை எடுத்து, அதில் மூன்று வளையங்களை மாட்டியிருந்தாள். முதல் வளையத்தில் கேன், குட், மே, மைட், ஷுட், மஸ்ட். மூன்றாவதில் இன், அவுட், ஆன், ஆஃப், அப், டவுன், த்ரூ, ஓவர், அவே, டு. நடு வளையத்தில் மட்டும் சுற்றிச் சுற்றி ஒரே வார்த்தை, கெட்.

"அத்தான், நடு வளையத்தை எதுக்குத் திருகறீங்க? எந்தப் பக்கம் திருகினாலும் கெட்தான்."

"கை சும்மா இருக்க மாட்டேங்குது டீச்சர். விடு."

"சரி, கடைசியா ஒரு தடவை சொல்றேன். முதல் வார்த்தை எவ்வளவு அழுத்தம்னு சொல்லும். கேன்னா முடியும். மேன்னா செய்யலாம். ஷுட்னா செஞ்சா நல்லது. மஸ்ட்னா வேற வழியே இல்ல. கடைசி வார்த்தை எந்தப் பக்கம்னு காட்டும். கெட் பாவம், நடுவுல சுமக்கிற ஆளு."

மெக்கானிக் அதைத் தன் தொழில் கணக்கில் போட்டுப் பார்த்துக்கொண்டார். முதல் வார்த்தை மோட்டார், நடு வார்த்தை பெட்டி, கடைசி வார்த்தை மாடி. நம் பேச்சில் வரலாம், வரணும், வரக்கூடாது என்று வாலில் ஒட்டிக்கொண்டிருப்பதை இவர்கள் தலையில் தூக்கி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

"அப்ப, மாடி மாறினா எல்லாமே மாறிடுமா?"

"ஆமா. கெட் அவுட் வெளியே வர்றது. கெட் ஓவர் மனசு தேறி வர்றது. கெட் த்ரூன்னா கஷ்டத்தைத் தாண்டறது. போன்ல லைன் கிடைக்கறதுக்கும் அதுதான்."

"ஒரே பெட்டியில இத்தனை பேரா? எடை தாங்காதும்மா."

அடுப்படியில் நின்ற மனைவி சிரிக்கவில்லை. டீயை அவர் கையில் திணித்துவிட்டு, "முதல்ல உட்கார்ந்து குடிங்க. இன்னிக்கு நாற்காலிக்குத்தானே பரீட்சை?" என்றாள்.

அவள் சொன்னதுதான் விஷயம். போன மழைக்காலத்தில் அவரோடு வேலை பார்த்த ஒருவர் லிஃப்ட் பெட்டியின் உச்சியிலிருந்து வழுக்கி விழுந்து இடுப்பை உடைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, இவர் வேலைக்குக் கிளம்பித் திரும்பும்வரை மனைவி வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு அலைந்தாள். இவருடைய முழங்காலும் முன்போல் ஒத்துழைக்கவில்லை. இந்த நேரத்தில்தான் கம்பெனி அந்தப் பெரிய குடியிருப்புக் கட்டடத்தின் கண்ட்ரோல் ரூமுக்கு ஆள் எடுத்தது. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அழுத்தினால் இங்கே உட்கார்ந்து பேச வேண்டும். பல தேசத்து ஆட்கள் குடியிருப்பதால் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும். இது கிடைத்தால் இனி லிஃப்ட் குழிக்குள் இறங்க வேண்டியதில்லை. கிடைக்காவிட்டால் நாளைக்கே பதினோராம் மாடிக் கம்பி வேலை காத்திருந்தது.

"அந்தக் குழிக்குள்ள இனிமே நீங்க இறங்கக்கூடாது" என்றாள் மனைவி, வாசல்வரை வந்து.

"இதுக்கு இங்கிலீஷ்ல மஸ்ட் நாட்" என்றார் மெக்கானிக்.

"எந்த பாஷையிலயும் கூடாதுதான். போயிட்டு வாங்க."

கண்ட்ரோல் ரூம் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்தது. விளக்குகள் மினுங்கும் ஒரு பலகை, ஒரு மேஜை, ஒரு போன், ஒரு சுழல் நாற்காலி. தேர்வு வைக்க வந்திருந்த அதிகாரியம்மா மெல்லிய குரலில் நிதானமாக விளக்கினார். மூன்றாம் எண் லிஃப்டை மூன்றாவது மாடியில் நிறுத்திவிட்டு அவர் உள்ளே இருப்பார். கதவு திறக்காது. பயந்துபோன ஆள்போல் அவர் பேசுவார். அவர் உள்ளிருந்து கதவைத் தட்டும்வரை மெக்கானிக் பேச்சை விடக்கூடாது. தட்டினதும், வெளியே சாவியோடு நிற்கும் குட்டை கதவைத் திறப்பான்.

குட்டை என்பது மெக்கானிக்கின் சக தொழிலாளி. அடுத்துத் தேர்வுக்கு வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தவன் நெட்டை. இருவரும் ஒன்றாக வேலைக்குச் சேர்ந்ததால் வந்த பெயர்கள்.

"அண்ணே, எனக்கு ஒரு வார்த்தையும் நிக்க மாட்டேங்குது" என்றான் நெட்டை. "நீங்க நல்லாப் பேசிட்டீங்கன்னா நான் அப்படியே வீட்டைப் பார்த்துப் போயிடுவேன்."

மணி அடித்தது. மெக்கானிக் போனை எடுத்தார். ஆரம்பம் தேன்போல ஓடியது. "யூ ஷுட் கெட் அவே ஃப்ரம் த டோர். யூ மே கெட் டவுன் ஆன் த ஃப்ளோர். வீ கேன் கெட் டு யூ சூன்." ஒன்றன்பின் ஒன்றாக மோட்டார், பெட்டி, மாடி. மச்சினி கேட்டிருந்தால் பூரித்துப் போயிருப்பாள்.

பிறகு உள்ளேயிருந்த குரல் உடைந்தது. மூச்சு முட்டுகிறது, இருட்டாக இருக்கிறது, யாராவது வாருங்கள், ப்ளீஸ் என்று திக்கித் திணறியது. நடிப்பு என்று மெக்கானிக்குக்குத் தெரியும். ஆனால் அவருடைய கால்களுக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாக, மணி அடித்தால் ஓடு என்பதுதான் அந்தக் கால்கள் படித்த பாடம். போன் மேஜையில் கிடக்க, அவர் படியில் பாய்ந்துகொண்டிருந்தார். முழங்கால் கத்தியது. மூன்றாவது மாடியில் குட்டை வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"அண்ணே, இன்னும் தட்டலையே!"

"தள்ளுடா!" இடுப்பில் எப்போதும் தொங்கும் கதவுச் சாவியைச் செருகித் திருகினார். கதவு திறந்தது.

அதிகாரியம்மா சுவரில் சாய்ந்து அமைதியாக நின்றிருந்தார். விளக்கும் எரிந்துகொண்டுதான் இருந்தது.

"வேகமா வந்துட்டீங்க" என்றார். "இப்ப போன்ல யாரு இருக்காங்க?"

மெக்கானிக்குக்கு மூச்சு வாங்கியது.

"நிஜத்துல நான் மாட்டியிருந்தா, பேசிட்டிருந்த ஆளு திடீர்னு காணாமப் போயிட்டாரு. உங்க வேலையைத்தான் செஞ்சீங்க. ஆனா அது குட்டையோட வேலை." கொஞ்சம் யோசித்தார். "அடுத்தவருக்குத் தேர்வு உங்களை வெச்சே நடக்கட்டும். உள்ளே போங்க."

கதவு மூடிக்கொண்டது.

லிஃப்டின் உச்சியில் நின்றிருக்கிறார், அடியில் படுத்திருக்கிறார், கம்பிகளின் நடுவே தொங்கியிருக்கிறார். மூடிய பெட்டிக்குள் மணியை அழுத்திவிட்டு நிற்பது இதுவே முதல் தடவை. ஒலிபெருக்கித் துளைகளிலிருந்து வெறும் இரைச்சல் வந்தது. நெட்டை கீழே இறங்கிப் போய் உட்கார நேரம் ஆகும், அவ்வளவுதான் என்று தனக்கே சொல்லிக்கொண்டார். கதவின் பூட்டும் தாழ்ப்பாளும் அவருக்கு மனப்பாடம். ஆனாலும் கால் நிற்கவில்லை. இரண்டடி நடந்தால் சுவர், திரும்பினால் சுவர். மறுபடி மணியை அழுத்தினார். இரைச்சல். தான் போனை மேஜையில் போட்டபோது இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்ததும் காது மடல் சூடேறியது.

கடைசியில் கரகரவென்று ஒரு குரல். "ஹலோ. ஹலோ, சார். ஐ... ஐ ஹியர்."

நெட்டையின் ஆங்கிலம் தாறுமாறாக வந்தது. "யூ கேன் கெட் சிட். நோ ஃபியர். மேன் கம்மிங். மஸ்ட் கம்மிங். ஐ ஹியர் ஒன்லி, ஐ நோ கோ." வேறு நேரமாக இருந்தால் மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்திருப்பார். இப்போது அந்தத் துளைகளுக்குப் பக்கத்தில் போய், சுவரில் காதை ஒட்டிக்கொண்டு நின்றார். நெட்டை சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னான். ஆனால் நிறுத்தவில்லை.

கதவு திறந்ததும் மெக்கானிக் நேராகக் கீழே போனார்.

"மேடம், இன்னொரு தடவை."

"நெட்டைக்கு ஒரு ஷிஃப்ட் கொடுத்தாச்சு. இன்னொரு ஷிஃப்டுக்கு மத்தியானம் வேற கட்டடத்து ஆளுங்க வராங்க."

"அவங்க வர்றதுக்குள்ள. ஒரே தடவை."

அதிகாரியம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு லிஃப்டை நோக்கி நடந்தார்.

மெக்கானிக் இடுப்புச் சாவியைக் கழற்றி, கூடவே இறங்கி வந்து மறுபடி மேலே கிளம்பிய குட்டையின் கையில் வைத்தார். "நான் மேல வந்தா கதவுகிட்ட விடாதே. எட்டி உதை."

"நிஜமாவாண்ணே?" குட்டையின் முகத்தில் கொஞ்சம் ஆசையே தெரிந்தது.

மணி அடித்தது. மெக்கானிக் உட்கார்ந்தார். இம்முறை உள்ளே இருந்த குரல் எடுத்த எடுப்பிலேயே அழுதது. மூச்சு முட்டுகிறது, செத்துவிடுவேன், ஏதாவது செய்யுங்கள். மெக்கானிக்கின் உடம்பு நாற்காலியிலிருந்து பாதி எழும்பிவிட்டது. இரண்டு பாதங்களையும் நாற்காலியின் தண்டில் பின்னிக்கொண்டார். வளையத்து வாக்கியங்கள் எல்லாம் எங்கோ சிதறிப் போயின. உள்ளது உள்ளபடியே வாயில் வந்தது.

"மேடம், ஐ வான்ட் டு ரன். மை லெக் இஸ் ரன்னிங். பட் ஐ மஸ்ட் நாட் கெட் அப். இஃப் ஐ கெட் அப், யூ ஆர் அலோன். ஸோ ஐ சிட்."

மறுமுனையில் அழுகைக்கு நடுவே சிரிப்பு மாதிரி ஏதோ கேட்டது. அது நடிப்பா இல்லையா என்று அவருக்குத் தெரியவில்லை.

"மை நீ ஆல்ஸோ பெயின்" என்று தொடர்ந்தார். "யூ டெல் மீ, யூ ஹேவ் நீ பெயின்? நோ? குட். தென் யூ மே கெட் டவுன் அண்ட் சிட். ஐ கேனாட். வீ கேன் கெட் த்ரூ திஸ். யூ தேர், மீ ஹியர்."

முழங்காலைப் பற்றிப் பேசினார், மாடிப்படிகளைப் பற்றிப் பேசினார், வீட்டு ஜன்னலைப் பற்றிப் பேசினார். ஆங்கிலம் தீர்ந்த இடத்தில் "உம், உம், ஐ ஹியர்" என்று நெட்டையின் வார்த்தையைக் கடன் வாங்கிக்கொண்டார். மேஜைக்கு மேலே குரல் நிதானமாக இருந்தது. மேஜைக்குக் கீழே நாற்காலி தடதடவென்று ஆடிக்கொண்டிருந்தது. கதவு தட்டப்படும் ஓசை போனில் கேட்டபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

அதிகாரியம்மா இறங்கி வந்து, "திங்கள்கிழமையிலிருந்து காலை ஷிஃப்ட்" என்றார். "அந்த நாற்காலியை மட்டும் கொஞ்சம் முடுக்கி வைக்கச் சொல்றேன்."

வராந்தாவுக்கு வந்து மனைவிக்கு போன் போட்டார். அவள் முதல் மணியிலேயே எடுத்தாள்.

"கிடைச்சுதா?"

"கிடைச்சுது."

அந்தப் பக்கம் நீண்ட மூச்சு கேட்டது. பிறகு தங்கையிடம் கத்திச் சொன்னாள். பிறகு அவளுக்கே ஒரு சந்தேகம் வந்ததுபோல் குரல் தணிந்தது. "ஆமா, அங்க என்ன வேலைங்க உங்களுக்கு?"

"உட்கார்ந்தே இருக்கணுமாம். மேல எவனோ ஓடுவான். அவன் போய்ச் சேர்ற வரைக்கும் நான் இங்க உட்கார்ந்து பேசிக்கிட்டே இருக்கணும்."

"நீங்க வீடு வந்து சேர்ற வரைக்கும் நான் இத்தனை நாளா செஞ்ச வேலைதானே இது" என்றாள் மனைவி. "பேச்சுத்துணைக்குக்கூட ஆள் இல்லாம."

அவர் வராந்தாவின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு நடந்துகொண்டிருந்தார். இதைக் கேட்டதும் நின்றார்.