துரைக்கு ஒரு படி கெட்டி

டிப்டி தாசில்தார் கர்ணனின் கன்னத்திலும் தாடையிலும் அங்கங்கே துண்டுத் தாள் ஒட்டியிருந்தது. ஒவ்வொரு தாளின் நடுவிலும் பொட்டு வைத்தாற்போல் ரத்தம். தாலுகா கச்சேரிப் படி ஏறும்போதே சுருளியாண்டி அதைப் பார்த்துவிட்டான். அந்தக் கன்னத்துக்கு ஷேவிங் கிரீம் கொடுத்தவன் அவன்தான்.

மேசைமேல் டப்பா திறந்து கிடந்தது. சீமெண்ணெய்த் தகரத்தை வெட்டி வளைத்த டப்பாதான் என்றாலும் லேபிளுக்கு ஒரு குறையும் இல்லை. கோட்டும் டையுமாகச் சுருளியாண்டியின் படம். மேலே ‘சுருளி ராயல் ஷேவிங் கிரீம்’. கீழே ‘லண்டன் முறைப்படி தயாரித்தது. தலைமை ஆபீஸ்: ஓடைப்பட்டி.’ தலைமை ஆபீஸ் என்பது மாட்டுக்கொட்டகையில் பாதி. மற்ற பாதியில் மாடு இருந்தது.

கர்ணன் டப்பாவைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினார். ஒன்றும் விழவில்லை. மேசையில் ஒரு போடு போட்டார். மைக்கூடு துள்ளியது, கிரீம் அசையவில்லை.

“இதை வச்சுச் சுவத்துல ஆணி அடிக்கலாம்யா. நான் மூஞ்சியில தேய்ச்சிருக்கேன்.”

“அய்யா...”

“பேச்சிமுத்து! இங்க வாரும்.”

தலைமைக் குமாஸ்தா பேச்சிமுத்து வந்து நின்றார். அவர் கன்னம் புளி போட்டுத் துலக்கிய சொம்பு மாதிரி பளபளத்தது. மேலதிகாரிக்கு முன்னால் அப்படிப் பளபளப்பது மரியாதையில்லை என்று தெரிந்து கையால் மறைக்கப் பார்த்தார். ஒரு கையில் பைல் இருந்தது, கன்னமோ இரண்டு.

“ஒரே நாள்ல ஒரே ஆள் கொடுத்த ரெண்டு டப்பா,” என்றார் கர்ணன். “அவர் டப்பாவுல வெண்ணெய். என் டப்பாவுல கருங்கல். இங்க டிப்டி தாசில்தார் நானா, அவரா?”

யுத்தம் வந்து சீமைக் கிரீம் வரத்து நின்றுபோயிருந்த காலம் அது. நாவிதர் முன்னால் சம்மணம் போட்டுக் குந்துவது பட்டிக்காட்டுத்தனம், தன் முகத்தைத் தானே சிரைத்துக்கொள்வதுதான் உத்தியோகத்துக்கு லட்சணம் என்று நினைத்தவர்கள் அத்தனை பேரும் கம்பம் பள்ளத்தாக்கில் தவித்துக் கிடந்தார்கள். அவர்களைக் காக்க ரங்கூனிலிருந்து வந்து சேர்ந்தவன் சுருளியாண்டி. அங்கே பெரிய சோப்புக் கம்பெனியில் பத்து வருஷம் இருந்தவன். கம்பெனிக்கு உள்ளே இருந்ததாக அவன் சொன்னதே இல்லை; கேட்டவர்களாக நினைத்துக்கொண்டார்கள். கேட்டில் நின்று வண்டிகளுக்குக் கதவு திறந்துவிட்ட ஆளுக்கும் மூக்கு உண்டுதானே? வாசனை பிடித்தே தொழிலைக் கற்றுக்கொண்டு வந்துவிட்டான்.

வெல்லம் காய்ச்சும் கொப்பரையில் கிடைத்த எண்ணெயையும் கொழுப்பையும் காஸ்டிக் சோடாவையும் போட்டுக் கிண்டுவான். பதம் பார்ப்பதும் வெல்லப் பாகுக்குப் பார்ப்பதுபோலத்தான். மனைவி கஸ்தூரியம்மாள் துடுப்பைத் தூக்கிப் பார்த்து “இறக்குங்க” என்பாள். அவளுக்கு வேறு சோலி வந்துவிட்டால் இறக்குவது தள்ளிப்போகும். ஆகவே ஒரு தடவை கிரீம் மோராக வரும், ஒரு தடவை ரவை உப்புமாவாக வரும், ஒரு தடவை அம்மிக்கல்லாக வரும். எந்த டப்பாவில் எது என்பது வாங்கினவர் தலையெழுத்து.

இப்போது காஸ்டிக் வாங்கப் பெர்மிட் வேண்டும் என்று சர்க்கார் சொல்லிவிட்டது. கையெழுத்துப் போடவேண்டிய கை கர்ணனுடையது. அந்தக் கையைக் குளிரவைக்கத்தான் டப்பா கொடுத்ததே. பெர்மிட் இல்லையென்றால் கொப்பரையைக் கவிழ்க்கவேண்டும். கவிழ்த்தால் மச்சான் ராக்கப்பனின் திராட்சைப் பந்தல்தான் கதி. ரங்கூனிலிருந்து வந்த புதிதில் சாவடியில் ஊரே பார்க்க, “மண்ணைக் கிளறுறதெல்லாம் ஒரு பொழப்பா மச்சான்?” என்று கேட்டுவைத்தவன் அவன். ராக்கப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை. பார்க்கிறபோதெல்லாம் பரிவாக ஒன்று சொல்வான்: “கம்பெனியைச் சாத்துனா சொல்லுங்க மாப்ளே. பந்தல்ல குருவி வெரட்ட ஆளு தேடிக்கிட்டிருக்கேன்.”

அந்தக் குருவிகள் அத்தனையும் இப்போது சுருளியாண்டியின் காதுக்குள் கத்தின.

“அய்யா, தப்பு ஒண்ணும் நடக்கலைங்க,” என்றான். “அந்தஸ்துப்படிதான் கொடுத்தது.”

“என்னது?”

“லண்டன் முறைங்கய்யா. உத்தியோகம் உசர உசரக் கிரீமும் கெட்டியாகும். குமாஸ்தா வரைக்கும் எளக்கம். அதுக்கு மேல கெட்டி. பெரியவுக மொகத்துல போயி எளக்கமானதை வைக்கலாங்களா? நாலு பேரு என்ன நெனப்பாக?”

கர்ணன் டப்பாவை நிமிர்த்தி வைத்தார். கன்னத்தில் இருந்த தாளை மெடலைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“அப்ப இவருது?”

“குமாஸ்தா கிரேடுங்க.”

பேச்சிமுத்துவின் கன்னம் அப்படியேதான் இருந்தது. பளபளப்பு மட்டும் போய்விட்டது.

“இதை முதல்லயே சொல்ல வேண்டாமா?” என்றார் கர்ணன். “சரி, போ. பெர்மிட்டைப் பார்க்கலாம்.”

ஒரே வாரத்தில் சேதி வீரபாண்டியிலிருந்து கூடலூர் வரைக்கும் பரவிவிட்டது. கிராம முன்சீப்புகள் கெட்டி கேட்டார்கள். மலைத்தோட்டத்தில் கூலியாட்களை மேற்பார்க்கும் கண்டக்டர்கள் முன்சீப்பைவிடக் கெட்டி கேட்டார்கள். தாடையில் இருக்கும் கீறலை வைத்தே ஆளை எடைபோடலாம் என்றாகிவிட்டது. கீறல் நிறைந்தவர்களைக் கல்யாண வீடுகளில் கையைப் பிடித்து முதல் பந்திக்கு அழைத்துப் போனார்கள். ஓர் ஊரில் பெண் பார்க்க வந்த மாப்பிள்ளைக்குக் கன்னம் வழுவழுவென்று இருந்தது. “பையனுக்கு வேலை நெரந்தரமில்லை போல” என்று பெண் வீட்டார் சம்பந்தத்தை விட்டுவிட்டார்கள். பேச்சிமுத்துவும் ரகசியமாக ஒரு கெட்டி டப்பா வாங்கித் தேய்த்து, திங்கட்கிழமை காலை ரத்தக் கோடுகளோடு கச்சேரிக்கு வந்தார். தகுதிக்கு மீறிய கீறலுக்கு விளக்கம் கேட்டு மத்தியானமே அவருக்கு மெமோ கொடுக்கப்பட்டது.

அம்மிக்கல் டப்பாக்கள் எல்லாம் விற்றுத் தீர்ந்தன. பெர்மிட்டோ இன்னும் ‘பார்க்கலாம்’ என்கிற இடத்திலேயே இருந்தது.

அப்போதுதான் கர்ணன் மறுபடி ஆள் அனுப்பினார்.

“கலெக்டர் துரை முகாம் வாராக,” என்றார். “வெள்ளைக்கார துரை. மரியாதைக்கு நம்ம பக்கத்துச் சரக்கா ஒரு டப்பா வைக்கணும். என்னுதைவிட ஒரு படி கெட்டியா இருக்கணும். அதைக் கொண்டுவந்து குடு, அங்கனயே பெர்மிட்டுல கையெழுத்துப் போட்டுத் தாரேன்.”

“கெட்டி அமையலைன்னா அய்யா...”

“காஸ்டிக்கு யுத்தத்துக்கு வேணும்ப்பா,” என்றார் கர்ணன், யுத்தத்தைத் தானே நடத்துகிறவர் மாதிரி.

சுருளியாண்டி வீட்டுக்கு வந்து கொப்பரை முன்னால் நின்றான். வேண்டும் என்று நினைத்துக் கெட்டியாக்க அவனுக்குத் தெரியாது. கெட்டி கேட்டவர்களுக்காக முந்தின நாள் அடுப்பை அதுபாட்டுக்கு எரியவிட்டுப் பார்த்ததில் கரிதான் மிஞ்சியது.

“டிப்டிக்குக் குடுத்த அந்தக் கல்லு எப்பிடி வந்துச்சு?” என்று மனைவியைக் கேட்டான்.

கஸ்தூரியம்மாள் யோசித்தாள். “அன்னைக்கு நீங்க எங்கண்ணனைப் பேசுனீக. நான் கோவிச்சுக்கிட்டு அங்கன போயிட்டேன். வந்து பாத்தா இப்பிடிக் கெடந்துச்சு.”

எது எது நடந்ததோ அது அது அப்படியே நடந்தால்தான் பதம் வரும் என்பது சுருளியாண்டியின் விஞ்ஞானம். மிச்சமிருந்த காஸ்டிக்கைக் கொப்பரையில் போட்டான். தீயை மூட்டினான். தொண்டையைச் செருமிக்கொண்டான்.

“ஒங்கண்ணன் ஒரு கஞ்சன்.”

“ஆமா,” என்றாள் கஸ்தூரியம்மாள். “நம்ம கல்யாணத்துலயே ரசத்துல தண்ணியை ஊத்துனவுகதானே.”

“ஒங்க வம்சத்துல ஒருத்தருக்கும் புத்தி கெடையாது.”

“இருந்திருந்தா என்னைய ஒங்களுக்குக் குடுத்திருப்பாகளா?”

“நீ வைக்கிற கொழம்பை மாடு மோந்து பாக்குமா?”

“அதுகிட்ட வச்சாப் பாக்கும். நீங்கதான் சட்டியை வழிச்சுருறீகளே. கெளறுங்க, அடிப்பிடிக்குது.”

அவளுக்குக் கோபம் வரவேயில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவள் மனசாரச் சந்தோஷமாக இருந்த நாள் ஒன்று உண்டென்றால் அது அன்றைக்குத்தான். புருஷன் திட்டத் திட்டச் சிரித்துக்கொண்டே கிண்டினாள். சரியான பதத்தில் “இறக்குங்க” என்றாள். ஆறின பிறகு பார்த்தால் ஒரு கட்டி இல்லை, ஒரு திப்பி இல்லை. விரலை வைத்தால் வழுக்கிக்கொண்டு உள்ளே போயிற்று. ரங்கூன் கம்பெனியின் கேட்டைத் தாண்டிக்கூட அப்படி ஒரு கிரீம் வெளியே வந்ததில்லை. சுருளியாண்டி தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

ஒரு டப்பாவைத் துரைக்கென்று நிரப்பிக்கொண்டான். முகாம் பங்களாவுக்கு மாட்டுவண்டி ஓட்டிவந்த அம்மாவாசி, “எனக்கும் ஒண்ணு குடுங்கண்ணே” என்று கேட்க, இன்னொன்றை அவனிடம் தூக்கிப் போட்டான். மிச்சம் அத்தனையையும் கஸ்தூரியம்மாள் வாய்க்காலுக்குத் துணி துவைக்கக் கொண்டுபோனாள். குருவி விரட்டும்போது என்ன சத்தம் கொடுக்கவேண்டும் என்று சுருளியாண்டி வழியில் அம்மாவாசியிடம் விசாரித்தான்.

பங்களா வராந்தாவில் கர்ணன் சரிகைத் தலைப்பாகையும் புதுக் கீறல்களுமாக நின்றிருந்தார். டப்பாவைத் திறந்து கட்டைவிரலை வைத்தார். விரல் கணு வரைக்கும் இறங்கியது.

“அடப்பாவி! குமாஸ்தா கிரேடு!”

“அய்யா, அது வந்து...”

“துரை மூஞ்சியில குமாஸ்தா கிரேடா? பேச்சிமுத்து, அந்தப் பெர்மிட்டை மடிச்சு உள்ள வையும்.”

பேச்சிமுத்து மடிக்கத் தொடங்கினார். அந்த நேரம் பார்த்துத் துரையின் பட்லர் வெளியே வந்தான். “சாமான் லாரி ஆண்டிபட்டிக் கணவாயில நின்னுபோச்சாம். துரைக்குச் சேவிங் பண்ண ஒண்ணும் இல்லை. அது என்ன, கிரீமா? குடுங்க.” கர்ணனின் கையிலிருந்து டப்பாவைப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டான். துரையின் பட்லரோடு வராந்தாவில் நின்று இழுபறி செய்ய எந்த டிப்டி தாசில்தாராலும் முடியாது.

உள்ளே தண்ணீர் சலசலத்தது. கர்ணனுக்குத் தலைப்பாகைக்குள் வேர்த்தது. எந்த ஊருக்கு மாற்றுவார்களோ என்று அவர் நினைக்க, எந்தப் பந்தலில் ராக்கப்பன் நிறுத்துவானோ என்று சுருளியாண்டி நினைத்தான்.

துரை வெளியே வந்தார். முகம் ரோஜாப்பூ மாதிரி இருந்தது. கன்னத்தைத் தடவிக்கொண்டே, பரீட்சைக்குப் படித்த தமிழில் சொன்னார்: “மிகவும் மேன்மையான பொருள். நாளைக்கும் வேண்டும்.” பிறகு கர்ணனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். “உம்முடைய முகத்துக்கு யாது நேர்ந்தது? பூனையா?”

“நோ சர்,” என்றார் கர்ணன். “நான் உபயோகிப்பது தாழ்ந்த ரகம் சர். உயர்ந்த ரகத்தைத் துரை அவர்களுக்கென்றே ஒதுக்கி வைத்தோம் சர்.”

“பாவம்” என்று சொல்லிவிட்டுத் துரை சாப்பிடப் போனார்.

கர்ணன் சுருளியாண்டி பக்கம் திரும்பினார். “ஏன்யா, கெட்டிதானே உசத்தின்னே?”

சுருளியாண்டிக்கு இப்போது பழைய தைரியம் வந்திருந்தது. “போன மாசம் வரைக்கும் அப்பிடித்தாங்க. யுத்தத்தை முன்னிட்டு லண்டன்ல மாத்திட்டாக. இப்ப எளக்கந்தான் மேல.”

உத்தரவு மாறும் என்பதைக் கர்ணனுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

“சாயங்காலம் துரை முன்னால திரும்ப நிக்கணும். இந்த மூஞ்சியோட முடியாது. எனக்கு இப்பவே ஒரு எளக்க டப்பா வேணும். ஆனா ஒண்ணு, துரையோடதுக்குச் சமமா இருக்கப்படாது. ஒரு படி கீழ இருக்கணும். குடு, கையெழுத்துப் போடுறேன். இல்லைன்னா இல்லை.”

எளக்கம் அத்தனையும் அந்நேரம் வாய்க்காலில் நுரையாகப் போய்க்கொண்டிருக்கும். சுருளியாண்டி திகைத்துப்போய்த் தெருப்பக்கம் பார்த்தான். புளியமரத்தடியில் அம்மாவாசி டப்பாவும் கையுமாக மாட்டின் கழுத்தில் எதையோ தடவிக்கொண்டிருந்தான்.

“ஏலே அம்மாவாசி! அதை இங்கன கொண்டாலே!”

அம்மாவாசி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே வந்தான். “பாதிதாண்ணே இருக்கு. நொகத்தடிப் புண்ணுக்கு நல்லாக் கேக்குது.”

கர்ணன் டப்பாவைப் பார்த்தார். கிரீமில் மாட்டு மயிர் இரண்டு ஒட்டியிருந்தது. பெர்மிட் பேச்சிமுத்துவின் கையில் பாதி மடித்தபடி இருந்தது.

“அய்யா, ஒரு படி கீழ இருக்கணும்னு சொன்னீக,” என்றான் சுருளியாண்டி. “துரையோடது புதுசு. இது மாடு தொட்டது. கணக்கு சரியா வருதுங்க.”

கர்ணன் வெகுநேரம் யோசித்தார். சர்க்கார் யோசனை அப்படித்தான் இருக்கும்.

“எந்த மாட்டுக்குப் போட்டே?” என்று அம்மாவாசியைக் கேட்டார்.

“வலத்து மாட்டுக்குங்க.”

“ரெண்டுல அதுதானே பெரிசு?”

“ஆமாங்கய்யா. அது காலெடுத்து வச்சாத்தான் எடத்து மாடு நகரும்.”

கர்ணனின் முகம் தெளிந்தது. பேச்சிமுத்துவைக் குனியச் சொல்லி, அவர் முதுகில் பெர்மிட்டை விரித்துக் கையெழுத்துப் போட்டார். மை காய்வதற்குள் சுருளியாண்டி அதை உருவிக்கொண்டான். டப்பாவை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு கர்ணன் குளியலறைப் பக்கம் போனார்.

பேச்சிமுத்து மெல்ல நிமிர்ந்தார். அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு, அம்மாவாசியை மரத்துக்குப் பின்னால் கூட்டிப்போய்க் குரலைத் தணித்துக் கேட்டார்:

“எடத்து மாட்டுக்குப் புண்ணு எதுவும் இல்லையாய்யா?”